உயிரோடு இருந்தால் எரியும்

ஓசூருக்கு நான் போனது ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இரண்டு மணி நேரம் மேஜிக் காட்டுவதற்கு. நாலாம் நாள், ஒரு பெண் சுமங்கலியா விதவையா என்று என் கட்டைவிரல் தீர்ப்புச் சொல்லவேண்டிய இடத்தில் போய் நின்றேன். எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

முதலில் அந்தக் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் எனக்கு டார்ச் லைட் ரிப்பேர்க் கடை. அந்தப் பிழைப்பில் பிறந்ததுதான் இந்த வித்தை. செல்லுலாய்டில் செய்த பொய் விரல் ஒன்று, தோல் நிறத்தில் பெயிண்ட் அடித்து, என் நிஜ விரல்மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்வேன். அதற்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு பல்பு. பல்பிலிருந்து நூல் கனத்தில் இரண்டு ஒயர் சட்டைக்கைக்குள் ஏறி, கோட்டின் உள்பையில் இருக்கும் பேட்டரிக்குப் போகும். ஸ்விட்ச் இருப்பது அக்குளில். இரண்டு பித்தளைத் தகடுகள். கையை விலாவோடு அமுக்கினால் தகடு இரண்டும் தொட்டுக்கொள்ளும், விரல் நுனி செக்கச்செவேலென்று எரியும். கையை விலக்கினால் அணைந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. இதை வைத்துக்கொண்டு காற்றிலிருந்து வெளிச்சத்தைப் பறிப்பேன், வாயில் போட்டு விழுங்குவேன், ஹெட்மாஸ்டர் காதிலிருந்து திரும்ப எடுப்பேன். நோட்டீசில் 'புரொபசர் சிதம்பரம்' என்று போட்டிருந்தார்கள். படித்தது எட்டாம் கிளாஸ்.

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறும்போதே எனக்குக் கவலை ஆரம்பித்துவிட்டது. மார்கழி மாதம். மதுரையில் மார்கழி என்றால் விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். இங்கே பகல் பதினோரு மணிக்குப் பல் கிட்டியது. பஸ்ஸில் எல்லோரும் கருப்புக் கம்பளிக்குள் புகுந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தார்கள். கண்டக்டர் முன்சீட்டுக்காரரிடம் தெலுங்கில் சண்டை போட்டு, நடுசீட்டு அம்மாளிடம் கன்னடத்தில் குசலம் விசாரித்து, என்னிடம் தமிழில், "எங்கீங்ணா போவணும்?" என்றார். ஒரே சட்டைப்பையிலிருந்து மூன்று விதமான சில்லறை எடுப்பது போல இருந்தது. மதராஸ் ராஜ்ஜியத்திலேயே இருக்கிறோமா, வேற்று நாட்டுக்கு வந்துவிட்டோமா என்று எனக்கே சந்தேகம்.

சூளகிரி தாண்டி மதுவிலக்குப் போலீஸ் இரண்டு பேர் ஏறினார்கள். மைசூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டியைத்தான் பார்ப்பார்களாம், அன்றைக்கு என்னவோ எங்களையும் சோதித்தார்கள். என் பெட்டியைத் திறந்தால் ஒயர், பேட்டரி, மனிதனுடைய கட்டைவிரல். ஏட்டு அந்த விரலைப் பார்த்ததும் பெட்டியைப் பட்டென்று மூடிவிட்டார். நான் பதறிப்போய் விளக்கம் சொல்லி, விரலை மாட்டி எரித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை எரிக்கச் சொன்னார். பிறகு டிரைவரையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். பஸ் அரை மணி நேரம் நின்றது, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆட்டம். பள்ளிக்கூட ஹாலில் உட்கார இடமில்லை. எனக்கோ உள்ளூர உதறல், காரணம் கூட்டமில்லை, குளிர். குளிரில் மனுஷன் என்ன செய்வான்? கையை ஒடுக்கிக்கொள்வான். கையை ஒடுக்கினால் எனக்கு விரல் எரியும்! திரைக்குப் பின்னால் நிற்கும்போதே இரண்டு தரம் தானாக எரிந்துவிட்டது. அக்குளில் கட்டி வந்தவன் மாதிரி கையைத் தள்ளி வைத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

நல்லபடியாகத்தான் போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் காதில் விழுந்தால் எனக்குப் புத்தி மழுங்கிவிடும். ஊரில் சொல்லாத ஒரு புது வசனத்தை அங்கே எடுத்துவிட்டேன்: "யார் பேரை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆள் உயிரோடு இருந்தால் இந்த விரல் எரியும். இல்லாவிட்டால் எரியாது."

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பெயர் சொல்கிறவர் குரலும், சுற்றி இருப்பவர் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாத்தியார், "பியூன் வெங்கடப்பா!" என்று கத்தினார். ஹால் முழுக்கச் சிரிப்பு. வெங்கடப்பா கதவோரம் நெளிந்துகொண்டு நின்றார். எரித்தேன். அப்புறம் ஒரு டீச்சரம்மா எழுந்து மெதுவாக ஒரு பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எரிக்கவில்லை. டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹாலே மூச்சை அடக்கிக்கொண்டது. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆட்டம் முடிந்து பெட்டி கட்டும்போது கம்பளி போர்த்திய ஒருவர் வந்து கும்பிட்டார். நாற்பது வயதிருக்கும். பெயர் முனிராஜ், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விவசாயி. "எங்கம்மா இதைப் பார்க்கணுமுங்க. ஒரே ஒரு தடவை எங்க ஊருக்கு வந்து காட்டுனா போதும்," என்றார். வயதான தாய்க்கு மேஜிக் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சரி என்றுவிட்டேன். வேறு என்ன யோசிக்கத் தோன்றும்?

மூன்றாம் நாள் காலை பஸ் கெலமங்கலம் தாண்டியதும் உயிரை விட்டது. டிரைவர் இறங்கி முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுற்றினார், நாங்கள் இறங்கிப் பின்னால் தள்ளினோம். அது அசையவில்லை. முனிராஜ் எங்கேயோ போய் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கேழ்வரகு அறுவடை. ஒரு கொல்லை பாய் விரித்த மாதிரி நசுங்கிக் கிடந்தது. "ஆனை," என்றார் முனிராஜ், எங்கள் ஊரில் 'எலி' என்று சொல்கிற தோரணையில். நான் அதற்கப்புறம் மரத்தையெல்லாம் இரண்டு தரம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வண்டியில்தான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் தம்பி திம்மராயன். கல்யாணமாகி ஆறே மாதத்தில் பட்டாளத்துக்குப் போனவன், பர்மா சண்டையில் காணாமல் போய்விட்டான். சர்க்காரிலிருந்து 'காணவில்லை' என்று ஒரு காகிதம் வந்ததோடு சரி. பன்னிரண்டு வருஷத்தில் திரும்பாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமாதி செய்துவிடுவது அவர்கள் வழக்கம். வருகிற அமாவாசையோடு பன்னிரண்டு முடிகிறது. ஆனால் தாயார் சென்னம்மா சம்மதிக்கவில்லை. யாரோ ஒருவன் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்து, மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறான்.

"தம்பி சம்சாரம் இந்த வீட்டுலதான் இருக்குதுங்க. அதுக்கு முப்பது ஆவுது. எரிஞ்சா இருக்கான். எரியலன்னா காரியத்தைப் பண்ணிடலாம். ஏதோ ஒண்ணு தெரியணுமில்லீங்களா?"

"ஐயா, அது சும்மா விளையாட்டுங்க," என்றேன்.

"டீச்சரம்மா புருஷன் போன மாசம் செத்தது உங்களுக்கு யாருன்னா சொன்னாங்களா?"

"இல்லை."

"விரல்தானே சொல்லிச்சு?" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது போல மாட்டை அதட்டினார்.

அப்போதே சட்டையைக் கழற்றி ஒயரைக் காட்டியிருந்தால் தீர்ந்தது. மனசு வரவில்லை. வித்தைக்காரன் தன் வித்தையை விட்டுக்கொடுப்பது இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கொடுப்பது போலத்தான். ராத்திரி பார்த்துக்கொள்ளலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வீட்டில் களியும் அவரைக்கொட்டைச் சாறும் போட்டார்கள். தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை. நான் மதுரைக்காரன், சோற்றை மெல்லுகிற ஜாதி. களியைக் கடித்தேன், அது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விழி பிதுங்க உட்கார்ந்திருந்தேன்.

"மெல்லாதீங்க சாமி, சாத்துல தோச்சு முழுங்குங்க," என்றாள் பரிமாறிய பெண். நாகம்மா. அவள்தான் தம்பி சம்சாரம். நெற்றியில் பொட்டு, தலையில் ஒரு கிள்ளு கனகாம்பரம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மாமியார் கன்னடத்தில் என்னவோ சொன்னார். 'வெளியூர்க்காரரைப் பார்த்துச் சிரிக்காதே, இன்னும் கொஞ்சம் சாறு ஊற்று' என்கிறார் என்று முனிராஜ் எனக்குச் சொன்னார். மாமியார் சென்னம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். திடகாத்திரமான மனுஷி. மருமகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் படுத்தார்கள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் காலை வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். குளித்துவிட்டு வந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த என் கோட்டு நாகம்மாவின் கையில் இருந்தது. முனிராஜ் கொல்லைக்குப் போயிருந்தார், சென்னம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆடு வந்து கோட்டை இழுத்துச்சுங்க, எடுத்து வெச்சேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள என்னமோ கம்பி ஓடுதுங்களே," என்றாள்.

"அம்மா, யாரிடமும்..."

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எரியறதும் எரியாததும் உங்க கையிலதானே இருக்குது?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ எரிய வைக்காதீங்க."

நான் எதிர்பார்த்தது வேறு. புருஷன் இருக்கிறான் என்று சொல்லச் சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அழாமல், அவசரமில்லாமல் சொன்னாள். கெலமங்கலத்தில் வண்டிப்பட்டறை வைத்திருக்கிற மாரப்பன் என்பவர், பெண்சாதியை இழந்தவர், இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். அவர்கள் இனத்தில் இரண்டாம் தாலி தப்பில்லை. ஆனால் முதல் புருஷன் செத்தான் என்று மாமியார் வாயால் சொல்லிக் கருமாதி முடியவேண்டும். "அவரோட நான் இருந்தது ஆறு மாசங்க. மொகமே மறந்துபோச்சு. எனக்கும் ஒரு புள்ள குட்டி வேணாமா?"

"பொய் சொல்லச் சொல்கிறாயே, அம்மா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா நின்னா போதும். எரியாம இருந்தா அது பொய்யாங்க?"

சும்மா நிற்பது பொய்யாகாதுதான். பத்து நிமிஷம் கையை விலக்கி வைத்துக்கொண்டால் ஒரு பெண் பிழைத்துவிடுவாள். "சரிம்மா," என்றேன். அவள் கோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

உச்சிப்பொழுதில் கேழ்வரகு கொட்டி வைக்கிற உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு, ஐஸ் பெட்டி மாதிரி குளிர். சென்னம்மா, முனிராஜ், நாகம்மா, நான். நாலே பேர். சென்னம்மா தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு வந்திருந்தார். மகனுடைய பழைய சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தினார்கள். என் கை விலாவை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது.

"பேர் சொல்லுங்கம்மா," என்றேன்.

"திம்மராயன்," என்றார் சென்னம்மா.

இருட்டு அப்படியே இருந்தது. முனிராஜ் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எண்ணிக்கொண்டே நின்றேன். பத்து, இருபது. முடிந்தது, கதவைத் திறக்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

அப்போது அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில், கொல்லைக்குக் கேட்கும்படி. "திம்மா... ஏ திம்மா..."

என் உடம்பு சிலிர்த்தது. கை தானாக ஒடுங்கியது. விரல் எரிந்தது.

குளிரில் ஒடுங்கியதா, அந்தக் குரலுக்கு ஒடுங்கியதா, சத்தியமாக எனக்கு இன்றுவரை தெரியாது. உடனே கையை விலக்கினேன். ஆனால் அந்த ஒரு நொடிச் சிவப்பில் மூன்று முகங்களையும் பார்த்துவிட்டேன். நாகம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னம்மா, "சாமீ!" என்று என் காலில் விழுந்தார். முனிராஜ் கதவைத் திறந்தார். நாகம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் வயசுப் பெண், இன்னும் முப்பது நாற்பது வருஷம் இந்த விரல் எரிந்ததற்காக இங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்கு வெறி வந்தது, என்மேல்தான்.

உள்பையிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினேன். சட்டையையும் கழற்றினேன். வெறும் பனியனோடு, ஒயரும் பேட்டரியும் தொங்க, அந்த அறையின் நடுவில் நின்றேன்.

"அம்மா, எழுந்திருங்க. இங்கே பாருங்க. இது பல்பு. இது பேட்டரி. என் கடையில் செய்தது. கையை அமுக்கினால் எரியும், எடுத்தால் அணையும். உங்கள் பையனைப் பற்றி இதுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது."

முனிராஜ் கன்னடத்தில் அதைச் சொல்லத் தொடங்கினார். சென்னம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குத் தமிழ் புரியும். பொய் விரலை என் கையிலிருந்து வாங்கினார். பித்தளைத் தகடு இரண்டையும் விரலால் சேர்த்து அமுக்கினார். எரிந்தது. விட்டார். அணைந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி விட்டார். எத்தனை தரம் என்று தெரியாது.

"அந்த மை போட்டுப் பார்த்தவன்?" என்றார்.

"அவரைப் பற்றி எனக்குத் தெரியாதும்மா. என்னுடையது பேட்டரி. அது மட்டும்தான் தெரியும்."

"யோவ், நம்பிக் கூட்டியாந்தேனே உன்னை," என்று முனிராஜ் என்மேல் பாய வந்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உடு அவரை," என்றார் சென்னம்மா. விரலைக் கேழ்வரகுக் குவியல்மேல் வைத்துவிட்டு, மருமகளைப் பார்த்துக் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். முனிராஜுக்குக் கோபம் போய், முகம் என்னவோ ஆகிவிட்டது. நான் கேட்காமலே, தரையைப் பார்த்தபடி எனக்குத் தமிழில் சொன்னார். வெளியாளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இல்லை, அவருக்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது போல.

"மவன் வரமாட்டான்னு எங்கம்மாவுக்கு ரொம்ப நாளாவே தெரியுமாம். பெத்தவளுக்குத் தெரியாதான்னு கேக்குது. செத்துட்டான்னு சொன்னா நாகம்மா போயிடும். அந்த மாரப்பன் சமாச்சாரமும் தெரியுமாம். இவ போயிட்டா நான் யாரோட சாப்புடுவேன், யாரோட படுப்பேன், அதுக்காவத்தான் அவனைச் சாவ உடாம வெச்சிருந்தேன்னு சொல்லுது."

நாகம்மா சுவரை விட்டு நகர்ந்து மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் அழுதாள். மாமியாரின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிக்கொண்டே, நான் இருப்பதற்காகவோ என்னவோ தமிழில் சொன்னாள்:

"கெலமங்கலம் நாலு மைலுதான், அத்தே."

சென்னம்மா மூக்கைச் சிந்தினார்.

"நாலு மைலுதானே? அப்போ சந்தைக்குச் சந்தை வந்து தலையைக் காட்டணும். வராட்டி நான் மூட்டை கட்டிக்கினு அவன் பட்டறையிலேயே வந்து குந்திக்குவேன், சொல்லிட்டேன்," என்றார்.